செருப்பைக் கடிச்ச நாய்க்கு ஒரு வக்காலத்து

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையம் நாய்க்குட்டி உங்கள் வீட்டு சோபாவைக் கிழித்துப் பஞ்சை வெளியே இழுத்துப் போட்டுவிட்டது என்றால், நான் நாய் பக்கம். சோபா என்ன விலை என்று எனக்கும் தெரியும். செருப்பு, ரிமோட், சார்ஜர் வயர், கதவு நிலை என்று அது கடித்து வைத்த பட்டியலும் தெரியும். அப்படியும் நாய் பக்கம்தான். ஏன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

எங்கள் தோப்பு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மேற்கே மலையைப் பார்த்தபடி இருக்கிறது. ஊர்ப் பேரைச் சொன்னாலே பட்டணத்து ஆட்கள் கேட்பது மூணே சாமான்: பால்கோவா, சப்பட்டை மாம்பழம், நாய். பால்கோவா வாங்கிட்டுப் போனவர் யாரும் மறுபடி கூப்பிட்டு, "திருப்பி எடுத்துக்கிடுங்க"ன்னு சொன்னதில்லை. நாய் வாங்கினவர்கள் கூப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் நான் நாய் விற்கிறவன் இல்லை. இந்தப் பக்கத்து ஆள், தோப்பு இருக்கு, நாய் வளர்க்கிறான் என்பது மட்டும்தான் என் தகுதி.

எல்லாப் போனும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில், "குட்டி ரொம்ப அழகுங்க, பாசமா இருக்கு." அடுத்து, "ஆனா கண்ணுல படுறதை எல்லாம் கடிக்குதுங்க." அதுக்கடுத்து, "அடிச்சும் பார்த்தாச்சு." கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி, "உங்க தோப்புல சும்மாதானே கிடக்கும், நீங்க வச்சுக்கிடுறீங்களா அண்ணாச்சி?"

இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. ஒரு செருப்பில் ஆரம்பித்து, எட்டு மாதக் குட்டியை யார் தலையிலாவது கட்டிவிடுவது வரைக்கும் கதை போய்விடுகிறது. கேட்டுவிட்டுக் கொடுக்கிறவர்கள் பரவாயில்லை. ராத்திரி பைபாஸ் ஓரம் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கழுத்தில் பட்டை அடையாளம் மாறாத வெள்ளை நாய், லாரிக்கு நடுவில் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாமல் நிற்கும்.

முதலில் அந்த "சும்மா கிடக்கும்" என்பதைப் பார்ப்போம். தோப்பில் நாய் சும்மா கிடப்பதில்லை. விடியும் முன்னாடி வரப்பு வரப்பாகப் போய், ராத்திரி யார் வந்தது, எது வந்தது என்று மோந்து பார்க்கும். மயில் இறங்கினால் விரட்டும். குரங்கு வந்தால் கத்தும். தேங்காய் வெட்டு அன்னிக்கு வந்த ஆட்கள் அத்தனை பேரையும் ஒரு சுற்று விசாரிக்கும். ராத்திரி காட்டுப்பன்றி வேலிக்கு வந்தால் எங்களுக்கு முன்னாடி அதுக்குத் தெரியும். மத்தியானம் மோட்டார் ரூம் நிழலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறதே, அதை மட்டும் நீங்கள் வந்த அன்னிக்குப் பார்த்துவிட்டு "சும்மா கிடக்குது" என்கிறீர்கள். நைட் டூட்டி பார்த்தவன் பகலில் தூங்கினால் சோம்பேறி என்பீர்களா?

இந்த நாயை உண்டாக்கினதே வேலைக்காகத்தான். காட்டுப்பன்றி வேட்டைக்கும், வீடு, தோட்டம் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த ஜாதி. நீண்ட கால், ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு, கண்ணில் பட்டதை ஒரே மூச்சில் துரத்துகிற சுபாவம். நல்ல ஆண் நாய் தோள் உயரம் இரண்டடிக்கு மேலே நிற்கும். வேட்டை போய்விட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அது முடிந்தது, முடிந்ததும் நல்லதுக்குத்தான். எங்களுக்கு மேற்கே இருக்கிற மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. நாயைக் காட்டுக்குள் விடவே கூடாது. ஆக, எங்கள் ஊரிலேயே அதுக்குப் பாதி வேலை போய்விட்டது. மிச்சப் பாதியையும் பறித்து, நாலு சுவருக்குள் காலையில் ஒன்பது மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை பூட்டி வைத்தால் அது என்ன செய்யும்? தானே ஒரு வேலை தேடிக்கொள்ளும். அதுக்குக் கிடைத்த வேலை உங்கள் சோபா.

இது போக, பல் விஷயம் ஒன்று இருக்கிறது. நாய்க்குட்டிக்குப் பால் பல் 28. மூன்று, நாலு மாதத்தில் அது விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பல் முளைத்துவிடும். நம் வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைக்கும்போது கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது. அப்போது "ஈறு ஊறுது, பாவம்" என்கிறோம். நாய்க்குட்டி அதையே செய்தால் "திமிரு" என்கிறோம். பல் முளைத்து முடிந்த பிறகும் ஒரு வயசு, சில நாய்க்கு ஒன்றரை வயசு வரைக்கும் கடிக்கிற ஆசை போகாது. அது அதன் இளவட்டப் பருவம். உடம்பு வளர்ந்திருக்கும், புத்தி குட்டியாகவே இருக்கும். பெரும்பாலும் இந்த வயதில்தான் எனக்குப் போன் வருகிறது.

அடிப்பதைப் பற்றிப் பேசலாம். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறீர்கள். செருப்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது. நாய் காதைத் தாழ்த்தி, வாலைக் கவட்டுக்குள் விட்டு, ஓரக் கண்ணால் பார்க்கிறது. "பாருங்க, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது!" என்று நாலு போடு போடுகிறீர்கள். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைத்தான் சோதித்துப் பார்த்து 2009இல் எழுதினார். தப்பே செய்யாத நாயும், உடைமைக்காரர் திட்டினால் அதே "குற்றவாளி" முகத்தைத்தான் காட்டியது. அந்த முகத்துக்கும் செய்த காரியத்துக்கும் சம்பந்தம் இல்லை, உங்கள் கோபத்துக்கும் அதுக்கும்தான் சம்பந்தம். காலையில் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் அடி விழுந்தால் நாய்க்குப் புரிவது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் வீட்டுக்கு வந்தால் அடிப்பான். நாளையிலிருந்து கதவுச் சத்தம் கேட்டாலே அதுக்குப் படபடப்பு. படபடப்பு வந்த நாய் இன்னும் அதிகமாகக் கடிக்கும். அடிச்சும் திருந்தலைன்னு சொல்றீங்களே, அடிச்சதும் ஒரு காரணம்னு யோசிச்சீங்களா?

இன்னொன்று. "எத்தனை தடவை கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது, அழுத்தக்காரன்" என்று ஒருத்தர் சொன்னார். குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்க தம்பி என்றேன். அசையவில்லை. அதுக்குக் காதே கேட்கவில்லை. ராஜபாளையம் நாயில் செவிடு உண்டு, இது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உள்காதுக்கும் தேவை. நிறமே இல்லாமல் போகும்போது சில குட்டிகளுக்குப் பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் சக்தி போய்விடுகிறது. ஆனால் பட்டணத்து ஆர்டர் எப்படி வருகிறது? "தூய வெள்ளையா இருக்கணும், மூக்கு ரோஸ் கலர்ல இருக்கணும், கண்ணு தங்க நிறமா இருக்கணும்." நீங்கள் கேட்கிற நிறத்துக்காகவே இணை சேர்க்கிறார்கள். கூடவே செவிடும் வருகிறது. அப்புறம் அந்தக் குட்டி சொல் பேச்சு கேட்கலைன்னு அடி.

வயசையும் சொல்லியாக வேண்டும். 2017இல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அதுக்குக் காரணம் இருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்ற பாடத்தை ஒரு குட்டி தன் தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும்தான் படிக்கிறது. ஒன்று இன்னொன்றை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாய் உறுமும். முப்பது நாளில் பிரித்து, ஓட்டைப் போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அந்தப் பள்ளிக்கூடம் போச்சு. "சின்னக் குட்டியா கொடுத்தாத்தான் எங்க கூட ஒட்டும்" என்று நீங்கள் கேட்கிறீர்கள். தீனிச் செலவு மிச்சம் என்று விற்கிறவரும் கொடுக்கிறார். கடி வாங்குவது உங்கள் வீட்டுப் பிள்ளை.

இந்த இடத்தில் சில பேருக்குக் கோபம் வரும். "நாங்க வாங்கலைன்னா நாட்டு நாய் அழிஞ்சிராதா? ஜல்லிக்கட்டுக்கு நின்ன மாதிரி நாட்டு நாய்க்கும் நிக்கிறோம், நீங்க என்னடான்னா எங்களையே குறை சொல்றீங்க." நியாயமான கேள்வி. இந்த நாய் மேல் பெருமை எனக்கும் உண்டு. 2005 ஜனவரியில் தபால் துறை நாலு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நம் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொன்னார். சந்தோஷம்தான். ஆனால் ஒரு ஜாதி பிழைப்பது எத்தனை குட்டி விற்றது என்பதில் இல்லை. காது கேட்கிற, எலும்பு திடமான, சுபாவம் நல்ல நாய்க்கு அதே மாதிரி குட்டி பிறக்குதா, அது கிழடு தட்டும் வரை ஒரே வீட்டில் இருக்குதா என்பதில்தான் இருக்கிறது. வீடியோவில் பார்த்து வாங்கி, எட்டாம் மாதம் கைகழுவுகிற பாசத்தால் எந்த இனமும் காப்பாற்றப்படாது. நிறத்துக்கும் அவசரத்துக்கும் பணம் கொடுக்கிற வரைக்கும் நீங்கள் காப்பாற்றுவதாக நினைக்கிற அந்த இனத்தைத்தான் கெடுக்கிறீர்கள்.

"அப்ப பிளாட்டுல நாயே வளர்க்கக் கூடாதா?" அப்படிச் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய்களைச் சின்ன வீடுகளில் நிறையப் பேர் வளர்க்கிறார்கள். அதுவும் ஓட்ட நாய்தான். ஆனால் வயசுக்கு வந்து, துள்ளல் அடங்கின நாய். தினம் நடக்கக் கூட்டிப் போனால் மிச்ச நேரம் படுத்திருக்கும். நம் ராஜபாளையமும் அப்படித்தான், அன்னாடம் ஓடவிட்டால் ஹாலில் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்ளும். உங்கள் வீடு எத்தனை சதுர அடி என்று நாய் கேட்கப் போவதில்லை. எத்தனை மணி நேரம் தருவீர்கள் என்பதுதான் அதன் கேள்வி.

திட்டிவிட்டுப் போவது எளிது. செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் வெயில் ஏறும் முன் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நாயோடு வெளியே போங்கள். வேலி போட்ட இடம் கிடைத்தால் அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீளக் கயிறு. ரோட்டோரம் அவிழ்த்துவிடாதீர்கள். பூனையைக் கண்டால் பஸ் வருவது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வயசுக்குள் இருக்கிற குட்டியை பைக் பின்னால் ஓடவிடுவது, மாடிப்படி ஏற்றி இறக்குவது எல்லாம் வேண்டாம், எலும்பு இன்னும் முற்றவில்லை. நடக்கும்போது அது நின்று மோந்தால் இழுக்காதீர்கள். நமக்குப் பேப்பர் படிக்கிற மாதிரி அதுக்கு அது. அரை மணி நேரம் மோந்து பார்த்த நாய் நிஜமாகவே அசந்து தூங்கும்.

கடிக்கத்தான் செய்யும், அதனால் கடிக்க ஒன்று கொடுங்கள். பழைய ஜீன்ஸ் துணியை நனைத்து முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் பல் முளைக்கிற ஈறுக்கு இதம். கிழித்து விழுங்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சோறு அடைக்கிற மாதிரி கெட்டி ரப்பர் பொம்மை கடைகளில் கிடைக்கிறது. தட்டில் கொட்டுகிற சாப்பாட்டில் பாதியை அதில் வைத்துக் கொடுங்கள், தேடித் தின்னட்டும். வேகவைத்த எலும்பு கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலில் குத்தும். பழைய செருப்பைக் கொடுத்துப் பழக்குவதும் கூடாது. பழசு எது, ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கின புதுசு எது என்று அதுக்கு யார் சொல்வது?

கடிக்கக் கூடாததை எட்டாத இடத்தில் வையுங்கள். குட்டி வந்த வீட்டில் செருப்பு அலமாரிக்குக் கதவு வேண்டும், வயர் தரையில் கிடக்கக் கூடாது. வீடு முழுக்க அதுக்குத் திறந்து விடாமல், ஒரு அறை அல்லது தடுப்புக்குள் ஆரம்பித்து, பழகப் பழக இடத்தைக் கூட்டுங்கள். தப்பான சாமான் வாயில் இருந்தால் துரத்தாதீர்கள், துரத்துவது அதுக்கு விளையாட்டு. வாயைப் பிளந்து பிடுங்கினால் அடுத்த தடவை உறுமும், அதுக்கடுத்த தடவை கடிக்கும். கையில் ஒரு கோழித் துண்டைக் காட்டி "விடு" என்று சொல்லுங்கள், விட்டதும் கொடுங்கள். பத்து நாளில் புரிந்துகொள்ளும். காது கேட்காத குட்டி என்றால் இதே பாடத்தைக் கைச் சைகையில் நடத்துங்கள்.

தனியாக இருப்பதையும் சொல்லித்தான் தர வேண்டும். முதல் நாளே பத்து மணி நேரம் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். இரண்டு நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி என்று கூட்டிப் போங்கள். பழைய போன் ஒன்றை வீட்டில் வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். நீங்கள் கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே எச்சில் ஒழுக, கத்திக்கொண்டு, கதவையும் ஜன்னலையும் மட்டும் பிறாண்டுகிறது என்றால் அது விளையாட்டு இல்லை, தனிமை பயம். அந்த நாயைக் கூண்டில் அடைத்தால் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். கால்நடை மருத்துவரிடம் போங்கள். சென்னையில் இருக்கிறவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது. மண், துணி, பிளாஸ்டிக் என்று விழுங்குகிற நாய் வாந்தி எடுத்து, சாப்பிடாமல், வெளிக்கும் போகாமல் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. குடலில் அடைத்திருக்கலாம்.

கிராமத்து ஆட்கள் எல்லாரும் நல்லவங்க, பட்டணத்து ஆட்கள் எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்ல வரலை. எங்கள் பக்கத்திலும் பிறந்ததிலிருந்து நாலடிச் சங்கிலியில் கட்டிப் போட்டு, "காவலுக்கு நிக்குது" என்று பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாய் சோபாவைக் கடிக்காது, சங்கிலியைக் கடித்துப் பல் தேய்ந்து போயிருக்கும். அதுவும் இதே கணக்குத்தான். செவிட்டுக் குட்டி என்று தெரிந்தே மறைத்து விற்கிறவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்களிடமும் இதை நேரில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, வாங்கும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஒன்றரை வருஷம் தினம் இரண்டு மணி நேரம் இதுக்கு ஒதுக்க முடியுமா? பகலில் வீட்டில் யாராவது இருப்பார்களா? அடுத்த பத்து, பன்னிரண்டு வருஷம் வாடகை வீடு மாறினாலும், கல்யாணம், குழந்தை, வெளிநாடு என்று எது வந்தாலும் கூட்டிக்கொண்டு போவீர்களா? மூணுக்கும் ஆமா என்றால் ஊருக்கு வாருங்கள். தாய் நாயைக் கண்ணால் பாருங்கள், குட்டிக்குக் காது கேட்குதா என்று கைதட்டிப் பாருங்கள், எட்டு வாரம் ஆனதா என்று கேளுங்கள், மூக்கு நிறத்தை விட்டுத் தள்ளுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் ராஜபாளையம் வேண்டாம். உங்கள் தெருவிலேயே நாலு வயசு தாண்டி, யார் வீட்டு வாசல் கிடைத்தாலும் போதும் என்று ஒரு நாய் சுருண்டு கிடக்கும். அதுக்கு ஊசி போட்டு உள்ளே கூட்டிக்கொள்ளுங்கள். அது சோபா மேல் ஏறிப் படுக்குமே தவிர பெரும்பாலும் கிழிக்காது.

எங்கள் தோப்பில் இடம் இருக்குதான். ஆனால் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப் போனதும் கொண்டுவந்து விடுவதற்கான இடம் அது இல்லை.